கிண்டிலுக்குள் வந்ததும் வராததும்

அமேசானின் மின்நூல் வாசிக்கும் கருவியான கிண்டிலை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மாடல், விலை, வெளிச்சம் எல்லாம் அதற்கு அப்புறம். ஆங்கிலத்தில் மட்டும் வாசிப்பவர் எதை வாங்கினாலும் சமாளித்துக்கொள்வார். கொழும்பில் இருந்துகொண்டு பெரும்பாலும் தமிழில், அதுவும் இலங்கைப் புத்தகங்களையும் சேர்த்து வாசிக்கிறவருக்குக் கருவியைவிடக் கோப்புதான் முக்கியம். எந்தப் புத்தகம் எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் கிண்டில் நல்ல பொருள். தெரியாமல் வாங்கினால் அது மேசை லாச்சிக்குள் போய்விடும்.

என்னை இதற்குள் தள்ளியது வீடு மாறும் வேலை. வெள்ளவத்தையில் வாடகைத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒப்பந்தம் முடியும், வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுவார், நாங்கள் அடுத்த ஒழுங்கைக்குப் போவோம். லொறிக்காரர் கட்டில், அலுமாரியைப் பார்த்து ஒரு விலை சொல்வார். அப்பாவின் புத்தகப் பெட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்ததும் அந்த விலை மாறும். கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொரு கரைச்சல்: யன்னலோரத்து அலுமாரியில் ஈரம் ஏறித் தாள் நெளியும், மட்டையின் உட்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும், நூல் தைக்காமல் பசையால் மட்டும் ஒட்டிய புத்தகங்கள் இரண்டாம் வாசிப்பிலேயே இதழ் இதழாகக் கழன்று வரும். இராமபாணப் பூச்சிக்கு நாங்கள் வைத்த பூச்சி உருண்டையின் மணம்தான் எங்கள் வீட்டுப் புத்தகங்களின் மணம். புத்தக வாசம் என்று உருகுகிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை.

டொரொன்டோவிலிருந்து வந்த மச்சாள் தன்னுடைய பழைய கிண்டிலை விட்டுப்போயிருந்தாள். அதை நான் ஒழுங்காகக் கையில் எடுத்தது 2022 மின்வெட்டுக் காலத்தில். அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. போனின் சார்ஜை வீட்டுக்கு அழைப்பதற்கென்று மிச்சம் பிடிக்க வேண்டும். எமர்ஜென்சி லாம்பு சமையலறைக்கு. கிண்டில் மட்டும் வாரக்கணக்கில் சார்ஜ் கேட்காமல் கிடந்தது.

அதற்குக் காரணம் அதன் திரை. 1997-இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலிருந்து கிளைத்த ஈ-இங்க் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. திரைக்குள் நுண்ணிய உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தைத் திருப்பினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த துகள் அப்படியே நிற்கும். நிற்க வைப்பதற்கு மின்சாரம் வேண்டாம். பக்கம் மாறும்போது மட்டும்தான் எழுத்துக்காகப் பற்றரி செலவாகிறது. வெளிச்சமும் போன் திரையைப்போலப் பின்னாலிருந்து கண்ணுக்குள் அடிப்பதில்லை. ஓரத்திலுள்ள சிறு எல்.ஈ.டி.கள் திரையின் முகத்தில் வெளிச்சத்தைப் பரப்புகின்றன, அதையும் நன்றாகக் குறைத்து வைக்கலாம். இருட்டு வீட்டில் வெளிச்சத்தை மிகக் குறைத்து வைத்து வாசித்தபோது, பக்கத்தில் படுத்திருந்தவருக்கும் தொந்தரவில்லை.

அதே காலத்தில் தாளின் நிலைமையும் தெரிந்ததுதானே. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். ரூபா விழ விழ, இந்தியப் புத்தகத்தின் பின்மட்டை விலையை எதனால் பெருக்குவது என்ற கணக்கும் ஏறிக்கொண்டே போனது. செட்டியார் தெருவிலும் காலி வீதியிலும் புத்தகக் கடைக்குள் போய், எடுத்துப் பார்த்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வரும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

சரி, கிண்டிலில் என்ன வாசிப்பது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

புதிய தமிழ்நாட்டுப் புத்தகங்கள் ஒரு வகை. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட சில இந்திய மொழிகளைக் கிண்டிலில் சேர்த்ததிலிருந்து இந்த வகை வளர்ந்திருக்கிறது. டொலரில் கார்டுக்கு விழும், வங்கி தன் பங்கையும் எடுக்கும். அப்படியிருந்தும் இறக்குமதிப் பிரதியைவிடப் பல வேளைகளில் மலிவாகவே முடிந்தது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: வாங்குமுன் இலவச மாதிரியை இறக்கிச் சில பக்கங்கள் பாருங்கள். அச்சுக்குச் செய்த கோப்பை அப்படியே மாற்றிப் போட்டிருப்பவர்கள் உண்டு. பந்தி பிரியாது, வரியின் நடுவில் சொல் உடைந்து நிற்கும், அடிக்குறிப்பு கதைக்குள் புகுந்துவிடும்.

பழைய இலக்கியம் இன்னொரு வகை, அது சுலபம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பிற்கால நூல்கள் வரை எழுத்து வடிவிலேயே இருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் (திரைக்கேற்ப எழுத்தை அடுக்கிக்கொள்ளும் மின்நூல் வடிவம்) கோப்போடு ஆறங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். காசும் இல்லை. 2022-இலிருந்து ஈபப் கோப்பை அப்படியே கிண்டிலுக்கு அனுப்பிவிடலாம், மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது வகைதான் எங்களுடையது, அதாவது இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள். 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இல்லாவிட்டால் இதில் பாதியை நான் கண்ணாலும் கண்டிருக்க மாட்டேன். சிற்றிதழ்கள், மலர்கள், ஊர் வரலாறுகள், நாலு தசாப்தத்துக்கு முந்திய சிறுகதைத் தொகுதிகள் என்று கிடக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் வருடிய, அதாவது ஸ்கேன் செய்த, பிடிஎஃப்கள், பக்கத்தின் படங்கள். கிண்டிலில் போட்டால் எழுத்தைப் பெருப்பிக்க முடியாது. தெரிந்தவர்கள் பலர் கிண்டிலைக் கைவிட்ட இடம் இதுதான்.

கொஞ்சம் அளந்து பார்த்தால் பிரச்சினையும் தெரியும், வழியும் தெரியும். சாதாரண டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் அகலம், 21.5 உயரம். ஆறங்குலத் திரையோ 9 அகலம், 12 உயரம். முழுப் பக்கத்தையும் அதற்குள் அடைத்தால் எழுத்து கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கும். ஆனால் பக்கத்தில் நான்கு பக்கமும் வெற்று ஓரம் இருக்கிறதே. ஓரத்தை வெட்டினால் அச்சு நிற்கிற அகலம் பத்து, பத்தரைதான். பிறகு கிண்டிலைப் படுக்கையாகத் திருப்பினால் திரையின் 12 சென்ரிமீற்றர் முழுவதும் அந்த வரிக்குக் கிடைக்கிறது. எழுத்து அசல் அச்சைவிடச் சற்றுப் பெரிதாகவே வரும். ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தட்டில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓரம் வெட்டுவதற்குக் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் வரிகளை உடைத்துச் சிறு திரைக்கு மறுபடி அடுக்கும் வசதியும் உண்டு. ஆங்கிலப் புத்தகத்துக்கு அது அற்புதமாக வேலை செய்கிறது. ஈய அச்சில் வந்த பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு அதை நான் பாவிப்பதில்லை. வரி கோணியிருந்தால் ஒரு வரியின் கொம்பும் விசிறியும் அடுத்த வரியோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. ஓரத்தை மட்டும் வெட்டி அகலத்துக்குப் பொருத்தும் தெரிவு போதும். தாள் பழுத்துச் சாம்பல் நிறமாக இருந்தால், கணினியிலேயே பின்புலத்தை வெளுக்க வைத்துவிட்டு அனுப்புங்கள். கிண்டிலில் கறுப்பைக் கூட்டினால் பழுத்த தாளும் சேர்ந்து கறுக்கும்.

எழுத்தாகவே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். கூகுள் டிரைவில் பிடிஎஃப்பைப் போட்டு டொக்ஸில் திறந்தால் தமிழை வாசித்துத் தருகிறது, உண்மைதான். ஒரு கட்டுரைக்கு நல்லது. முழுப் புத்தகத்துக்குத் திருத்தும் வேலை வாசிக்கும் வேலையைவிடப் பெரிது. ரகரமும் துணைக்காலும் ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளும். பழைய ணை, லை, றா வடிவங்களில் அது தடுக்கி விழும். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகும் இங்கே பல அச்சகங்கள் பழைய வடிவங்களோடுதான் இருந்தன. ஆகவே எங்கள் புத்தகங்களில் இந்தத் தொல்லை கூட.

வருடாத, கணினியிலேயே செய்த பிடிஎஃப் என்றால் இன்னொரு பூதம் இருக்கிறது: பாமினி. இலங்கையில் வெகுகாலம் எல்லோரும் அந்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். திரையில் தமிழாகத் தெரிவது உள்ளுக்குள் ஆங்கில எழுத்து. ஈபப்பாக மாற்றியதும் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையும், புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அந்தக் குப்பையை அப்படியே நகலெடுத்து, பாமினியை யுனிகோட்டாக மாற்றும் இலவசக் கருவியில் போட்டால் தமிழ் வந்துவிடும். பெரும்பாலும் சுத்தமாகவே வரும்.

இதற்கெல்லாம் கணினியில் கலிபர் என்ற மென்பொருள் வேண்டும். இலவசம். கோவிட் கோயல் என்ற நிரலாளர் 2006-இல் தொடங்கி இன்றுவரை இழுத்துக்கொண்டு வருகிறார். வடிவம் மாற்றும், பட்டியல் வைத்திருக்கும். அதில் ஒரு சின்ன இடத்தைப் பார்க்கத் தவறாதீர்கள்: புத்தகத்தின் மொழி என்ற கட்டம். தமிழ்ப் புத்தகத்துக்கு அதில் ஆங்கிலம் என்று பதிந்திருந்தால் கிண்டில் அதை ஆங்கிலப் புத்தகமாகவே நடத்தும், எழுத்துருத் தெரிவும் அப்படியே வரும். தமிழ் என்று மாற்றி மறுபடி அனுப்புங்கள். பிடித்த எழுத்துரு வேண்டுமென்றால் யூஎஸ்பி வயரில் தொடுத்து, கிண்டிலிலுள்ள எழுத்துருக் கோப்புறைக்குள் போடலாம். நான் நோட்டோ செரிஃப் தமிழ் போட்டிருக்கிறேன்.

கிண்டிலில் தமிழ் வாசிக்கிற எல்லோரும் முதல் நாளே செய்ய வேண்டிய ஒரு மாற்றம் இருக்கிறது. வரிகளை இரு பக்கமும் நேராக்கி அடுக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, இடப்பக்கம் மட்டும் நேராக வைக்கும் அமைப்புக்குப் போங்கள். எங்கள் சொற்கள் நீளம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்ற ஒரு சொல் சிறிய திரையில் ஒரு வரியையே பிடித்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கி இரு பக்கமும் நேராக்கினால், வரிக்கு இரண்டு மூன்று சொல்லும் நடுவில் பெரிய பெரிய ஓட்டைகளுமாகப் பக்கம் பல்லு விழுந்த வாய்போல இருக்கும். தமிழில் கிண்டில் கண்ணுக்குச் சரிவராது என்று சொன்ன ஒரு சிநேகிதிக்கு இந்த ஒன்றைத்தான் மாற்றிக்கொடுத்தேன்.

அப்பாவுக்கு எழுத்துப் பெருப்பிக்கிற விஷயம் ஒன்றே போதுமாயிருந்தது. கற்றராக் சத்திரசிகிச்சைக்கு முந்திய மாதங்களில் பேப்பர் தலைப்புகளுக்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை. பெரிய எழுத்தில் வைத்துக் கொடுத்தேன். சாய்மனைக் கதிரையில் இருந்து கொஞ்சநேரம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதில எத்தினையாம் பக்கம் எண்டு எங்க பாக்கிறது?" என்றார்.

"பக்கம் இல்லை அப்பா, நூற்றுக்கு இத்தினை வீதம் எண்டுதான் காட்டும்."

"அப்ப நான் கடன்காரன் மாதிரி வீதம் வீதமா முடிக்கவேணுமோ?"

கேலிதான், ஆனால் அதில் நியாயமும் உண்டு. பக்க எண் கொடுத்து மேற்கோள் காட்ட வேண்டிய மாணவர்களுக்கும் ஆய்வு எழுதுகிறவர்களுக்கும் எழுத்து வடிவ மின்நூல் பல நேரம் உதவாது. அவர்களுக்கு நூலகத்தின் வருடிய பிடிஎஃப்தான் வசதி, அசல் பக்க எண் அதிலேயே இருக்கிறது. அப்படிப்பட்டவர் வாங்குவதானால் ஆறங்குலத்தை விட்டுப் பத்தங்குலத்துக்கு மேற்பட்ட திரையைப் பாருங்கள். 10.3 அங்குலத் திரையில் டெமி பக்கம் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே விழும். விலை கடுமை, பஸ்ஸில் நின்றுகொண்டு பிடிக்கவும் முடியாது. 100 இலக்க பஸ்ஸில் ஒரு கை கம்பியில், மறு கையில் வாசிக்கிற எனக்கு ஆறங்குலம்தான் சரி. வாசித்து அடிக்கோடிட்டவை எல்லாம் கிண்டிலுக்குள் ஒரே எழுத்துக் கோப்பில் சேர்ந்திருக்கும், வயரில் தொடுத்து எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் பென்சில் பிடிப்பதைவிட அது மேல்.

இனி வராதவை. இன்று கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வெளியாகும் தமிழ்ப் புத்தகத்தில் கணிசமானது மின்நூலாக வருவதேயில்லை. சில நூறு பிரதிகள் அடிப்பார்கள். கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ வேறொரு மண்டபத்திலோ வெளியீட்டு விழா நடக்கும். முதற்பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் முடிந்து, நாங்கள் வரிசையில் போய் உறையில் காசை வைத்துக் கொடுத்துப் புத்தகத்தை வாங்குவோம். அந்த உறைகள்தான் பல எழுத்தாளர்களுக்கு அச்சுக் கூலி. அதை மின்நூலாகவும் போடுங்கள் என்று சொல்வது சுகம், ஆனால் மண்டபத்துக்கு வருகிறவர் அதன்பின் வருவாரா என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. எனக்கும் அந்தப் பயம் விளங்குகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் புதிய புத்தகத்தின் பிடிஎஃப்பை ஒருவர் போட, நாற்பது பேர் கைகூப்பும் படம் போடுவதைப் பார்க்கும்போது இன்னும் நன்றாக விளங்குகிறது. சில நூறு பிரதி அடித்தவரின் புத்தகத்தை அப்படிப் பரப்புவது சேவை என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே நான் முழுதாக மாறவில்லை, மாறவும் முடியாது. வீடு மாறும்போது அலுமாரியைக் குறைக்க ஒரு விதி வைத்துக்கொண்டேன். பழைய இலங்கைப் புத்தகம் ஒவ்வொன்றையும் நூலகத்தில் தேடிப் பார்ப்பது. அங்கே இருந்து, எங்கள் பிரதியில் கையெழுத்தோ குறிப்போ இல்லாவிட்டால், ஊர்ப் பாடசாலைக்குக் கொடுக்கலாம். அங்கே இல்லாவிட்டால் எவ்வளவு செல்லரித்தாலும் வைத்திருப்பது, வருடி எடுக்கக் கொடுக்க முடிந்தால் கொடுப்பது. தமிழ்நாட்டு நாவல்களில் திரும்ப வாசிக்காதவை முதலில் போயின. கவிதைத் தொகுதிகள் ஒன்றும் போகவில்லை. சிறு திரையில் அடி உடைந்து அடுத்த வரிக்கு ஓடும் கவிதையை என்னால் வாசிக்க முடியாது.

கடையில் வாங்கிய மின்நூல் உங்களுடையது என்று முழுதாக நம்பிவிடாதீர்கள். 2009-இல் உரிமைச் சிக்கல் ஒன்றினால் அமேசான் விற்ற நூல்களையே வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அழித்து, காசைத் திருப்பிக் கொடுத்தது. வாங்கிய புத்தகத்தைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். மதுரைத் திட்டத்திலும் நூலகத்திலும் இறக்கிய கோப்புகளை நான் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 வரையான நூல்கள் எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றாலே நெஞ்சு ஒப்பாது.

கடைசியாக, பழையது வாங்குகிறவர்களுக்கு. புதியதன் விலையைப் பார்த்துவிட்டுப் பலர் பாவித்த கிண்டிலைத் தேடுகிறார்கள், பிழையில்லை. சிநேகிதி ஒருத்திக்காக ஒரு கடைக்குப் போனபோது, "எல்லாம் ரீசெட் பண்ணித்தான் அக்கா வச்சிருக்கிறம்" என்றார் அங்கிருந்த தம்பி. இருக்கலாம். ஆனால் தொலைந்தது அல்லது திருட்டுப் போனது என்று முந்திய சொந்தக்காரர் அறிவித்திருந்தால் அந்தக் கிண்டிலை உங்கள் பெயரில் பதிய முடியாது, அது ரீசெட் செய்தாலும் மாறாது. கடையிலேயே உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, உங்கள் கணக்கில் பதிந்து, ஒரு தமிழ்ப் புத்தகத்தின் மாதிரியை இறக்கித் திறந்து பாருங்கள். கொம்பும் துணைக்காலும் தங்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிச்சத்தை ஆகக் குறைத்து, மேசைக்குக் கீழே பிடித்து, திரையில் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் துவாரத்தில் வயரைச் செருகி ஆட்டிப் பாருங்கள். கடல்பக்க வீடுகளில் இருந்தவை அந்த இடத்தில்தான் முதலில் கறள் பிடிக்கும். காசை அதற்குப் பிறகு எடுங்கள்.